கேட்கும் கல்

மாமல்லபுரத்தின் சிற்பக்கூடங்களைக் கடந்து நடப்பவர்களுக்கு உளியோசை புதிதன்று. ஆனால் சிற்பி உளியைக் கையில் எடுப்பதற்கு முன்பே கல்லின் ஓசையைக் கேட்டுவிடுகிறான் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சுத்தியலால் கல்லை மெல்லத் தட்டுகிறான். காதைச் சாய்த்துக் கேட்கிறான். மணிபோல் கணீரென ஒலித்தால் ஆண்கல் என்றும், அதனினும் மென்மையாக ஒலித்தால் பெண்கல் என்றும் பிரிப்பது சிற்பநூல் மரபு. ஓசையே எழுப்பாத கல்லில் அவன் திருவுருவம் செதுக்குவதில்லை. 1957-ஆம் ஆண்டில் இவ்வூரில் தொடங்கப்பெற்று, இன்று அரசுக் கல்லூரியாக வளர்ந்திருக்கும் சிற்பப் பயிற்சிக்கூடத்திலும் மாணவர்களின் செவிகள் இந்த மரபில்தான் பழக்கப்படுகின்றன.

ஒலிக்கும் கல்லை நாம் அறிவோம். கேட்கும் கல் ஒன்று உண்டு என்பதை நான் குருவாகிப் பல ஆண்டுகள் சென்ற பின்னரே அறிந்தேன். அது தொலைதூரத்துப் பொருளன்று. கருங்கல்லில் கண்ணாடித் துணுக்குகளைப்போல் மின்னுகிறதே, கடற்கரை மணலில் பாதத்தில் உறுத்துகிறதே, அந்தக் குவார்ட்சுதான் அது. பளிங்குபோல் தெளிந்து, அறுகோணப் பட்டைகளோடு வளரும் இந்தப் படிகத்திற்கு ஒரு விந்தைக் குணம் உண்டு. அழுத்தினால் அது மின்சாரம் தரும்; மின்சாரம் செலுத்தினால் அது அசையும். படிகங்களை அழுத்தினால் மின்சாரம் எழும் குணத்தை 1880-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் ஜாக் கியூரி, பியேர் கியூரி என்னும் உடன்பிறந்தார் கண்டறிந்து உலகிற்கு அறிவித்தனர். உரிய கோணத்தில் மெல்லிய வில்லையாக அறுத்து மின்சுற்றில் இணைத்துவிட்டால், தன் கனத்திற்கேற்ற அதிர்வெண்ணில் அது இடைவிடாது துடித்துக்கொண்டே இருக்கும். நாம் அணியும் கைக்கடிகாரத்தினுள்ளே ஒரு சிறு படிகம் நொடிக்கு 32,768 முறை துடித்து நமக்கு நேரம் காட்டுகிறது. வானொலிக்காரர்கள் இதனைக் 'கிரிஸ்டல்' என்றும், அதனைத் துடிக்கவைக்கும் சுற்றினை 'ஆசிலேட்டர்' என்றும் சொல்வார்கள்.

இந்தக் கல்லின் பக்கம் என்னை இட்டுச் சென்றது 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை. டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பப் பெருவிழா. நமது செங்கல்பட்டு மறைமாவட்டம் பிறந்து ஈராண்டுகளே ஆகியிருந்த காலம். காலை 6 மணி 29 நிமிடத்திற்குச் சுமத்திரா அருகே கடலடியில் நிலம் பிளந்தது. அலை நமது கரையைத் தொட ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் நமது கடற்கரை மக்கள் வலை உலர்த்திக்கொண்டும், திருப்பலிக்குப் புறப்பட்டுக்கொண்டும் இருந்தார்கள். அப்போது நான் உள்நாட்டுப் பங்கு ஒன்றில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். நண்பகலுக்குள் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பக்கங்களில் உறவினர் உள்ளவர்கள் எல்லாரும் பங்கு இல்லத்து முற்றத்தில் கூடிவிட்டனர். தொலைபேசியை எடுத்தால் ஒரே இரைச்சல். அல்லது எல்லாத் தடங்களும் உபயோகத்தில் உள்ளன என்னும் அறிவிப்பு. கல்பாக்கத்துக் குடியிருப்பில் மகளைக் கட்டிக்கொடுத்திருந்த தாய் ஒருவர், பதில் வராத தொலைபேசியை மார்போடு அணைத்தபடி மாலைவரை அமர்ந்திருந்தார். அழைப்பவர் இருக்கிறார்; கேட்பவர்தாம் இல்லை. அந்தக் காட்சி என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

அதே வாரத்தில் நாளிதழ்களில் வேறொரு செய்தி வந்தது. ஐதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்னும் பெண்மணி, வி.யு.4 ஆர்.பி.ஐ. என்னும் அழைப்புக் குறியோடு உலகத்து வானொலி நண்பர்களுடன் உரையாடுவதற்காக அம்மாதம் போர்ட் பிளேரில் தங்கியிருந்தார். 1987-க்குப் பின் அந்தமானிலிருந்து அமெச்சூர் வானொலியார் எவரும் பேசியிருக்கவில்லை. பொழுதுபோக்காகத் தொடங்கிய அப்பணி, பேரலைக்குப் பின் ஒரே நாளில் உயிர்ச்செய்திகளின் பாதையாக மாறிற்று. தொலைபேசி செத்துக் கிடந்த தீவுகளிலிருந்து, பிழைத்தவர்களைப் பற்றிய செய்திகள் அவரும் அவருடைய தோழர்களும் இயக்கிய கருவிகள் வழியாகவே பெருநிலத்தை வந்தடைந்தன.

அதைப் படித்த பிறகு, தேர்வெழுதி உரிமம் பெற்று நானும் இந்த வானொலியார் கூட்டத்தில் கடைசி வரிசையில் சேர்ந்துகொண்டேன். 'ஹாம்' என்று இவர்களை அழைப்பார்கள். ஊதியம் இல்லை, வணிகம் இல்லை. சமயமும் அரசியலும் அலைகளில் பேசுவதில்லை என்பது இவர்களிடையே நெடுநாள் வழக்கம். ஆகவே, ஒலிபெருக்கியின்முன் நின்றால் இருபது நிமிடத்திற்குக் குறையாமல் பேசிப் பழகிய என்னைப் போன்ற ஒருவருக்கு அங்கே மறையுரைக்கு இடமில்லை. கேட்பதுதான் பெரும்பகுதி வேலை. பூவிருந்தவல்லிக் குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்ற ஆண்டுகளில் பேசக் கற்றேன். கேட்கக் கற்ற பள்ளி பின்னால் வந்தது.

இத்துறையில் குருக்கள் புதியவர்களும் அல்லர். பிரேசில் நாட்டுக் குரு ரொபெர்த்தோ லாண்டல் டி மோரா 1900-ஆம் ஆண்டிலேயே கம்பியின்றி மனிதக் குரலை அனுப்பிக் காட்டியவர். இயேசு சபைக் குரு மார்ஷல் மோரன், 1951-இல் நேபாளத்தின் கோதாவரியில் புனித சவேரியார் பள்ளியைத் தொடங்கியவர். 9 என் 1 எம்.எம். என்னும் குறியோடு பல ஆண்டுகள் அந்நாட்டின் ஒற்றை வானொலிக் குரலாக ஒலித்தவர். அவுசுவிட்சு வதைமுகாமில் பிறருக்காக உயிர்கொடுத்த புனித மாக்சிமிலியன் கோல்பே, 1938-இல் போலந்தில் தம் துறவு மடத்தில் வானொலி நிலையம் அமைத்தவர். உலகெங்குமுள்ள ஹாம்கள் பலர் அவரைத் தங்கள் பாதுகாவலராகப் போற்றுகிறார்கள்.

எனக்கு இத்தொழிலின் உள்ளறைகளைத் திறந்து காட்டியவர் செங்கல்பட்டில் வாழ்ந்த பெரியவர் ஒருவர். தொலைபேசித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், கிறித்தவர் அல்லர். என்னை 'ஃபாதர்' என்றுதான் அழைப்பார். நான் 'ஐயா' என்பேன். கடற்கரையில் ஒருவர் கையில் வைத்திருக்கும் சிறு கருவியின் குரல் செங்கல்பட்டுவரை எட்டாது. இடையில் திருக்கழுக்குன்றத்து மலையும் பிற குன்றுகளும் உள்ளன. இவ்வகை அலைகள் வளைந்து செல்வன அல்ல. உயரமான ஓரிடத்தில் ஒரு பெட்டி இருந்து, மெலிந்த குரலைக் கேட்டு, அதே நொடியில் வேறொரு அதிர்வெண்ணில் வலிமையோடு திருப்பிச் சொன்னால்தான் அது எட்டும். அப்பெட்டிக்கு ரிப்பீட்டர் என்று பெயர். மாமல்லபுரத்துப் பாறைமேல் நிற்கும் கலங்கரை விளக்கம் ஒளிக்கு என்ன செய்கிறதோ, அதனைக் குரலுக்குச் செய்வது இது. விளக்கம் காட்ட மட்டும் செய்கிறது. ரிப்பீட்டரோ பேசிக்கொண்டே கேட்க வேண்டும். தன் குரலே தன் செவியை அடைத்துவிடாதபடி இடையில் தக்க வடிகட்டிகளை அமைக்க வேண்டும். இதனை அவர் விளக்கியபோது என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

நண்பர் குழு ஒன்று 2007-ஆம் ஆண்டில் உரிய அனுமதியோடு அத்தகைய ரிப்பீட்டர் ஒன்றை அமைக்க முனைந்தது. புதிய கருவிக்குப் பணமில்லை. கழித்துப்போட்ட பழைய வாகன வானொலி ஒன்று கிடைத்தது. அதன் ரிசீவரை நமக்கு வேண்டிய அதிர்வெண்ணுக்கு மாற்றும் பொறுப்பைப் பெரியவர் ஏற்றார். மாலை வேளைகளில் நான் அவருடைய மேசையருகே அமர்ந்திருப்பேன்.

அந்த வேலையின் கணக்கு எளியது. எடுத்துக்காட்டாக, 145 மெகாஹெர்ட்சில் வரும் குரலைக் கேட்க வேண்டும் என்று கொள்வோம். இவ்வளவு விரைந்த அதிர்வை ரிசீவர் நேரே கையாள்வதில்லை. தனக்குள்ளேயே 134.3 மெகாஹெர்ட்சு அளவுள்ள அதிர்வு ஒன்றை உண்டாக்கி, வந்த அதிர்வோடு கலக்கிறது. இரண்டிற்கும் உள்ள வேறுபாடாகிய 10.7 மெகாஹெர்ட்சில்தான் அது குரலைத் தேடி எடுக்கிறது. அந்த 134.3-ஐ அடிப்படை அதிர்வாகத் தருமளவிற்கு அந்நாளைய வில்லைகளை மெலிதாக அறுக்க இயலாது. எனவே 14.9222 மெகாஹெர்ட்சில் துடிக்கும் கிரிஸ்டலை வைத்து, அதன் துடிப்பை மின்சுற்றினால் ஒன்பது மடங்காகப் பெருக்குவார்கள்.

ஒன்பது மடங்கு என்பதில்தான் சிக்கல். கல்லில் 100 சுழற்சி பிசகினால் செவியில் 900 பிசகும்.

கணக்கிட்ட கிரிஸ்டலைச் சொல்லி வைத்து வரவழைக்க மாதங்கள் ஆகும், செலவும் மிகுதி. ஆகவே முன்னோர் பல வழிகளைக் கையாண்டனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கழிவாக விற்கப்பட்ட கிரிஸ்டல்களை வாங்கி, கண்ணாடித் தகட்டில் நுண்ணிய அரப்பொடி தூவி, நீர்விட்டுத் தேய்ப்பார்கள். தேயத் தேய வில்லை மெலியும், அதிர்வெண் ஏறும். சற்றுக் கூடுதலாகத் தேய்த்துவிட்டால் தேய்ந்த கல் திரும்ப வளராது. பென்சிலால் மேலே ஒரு கோடு கிழித்தால், அந்தக் கரியின் எடையினால் அதிர்வெண் ஒரு துளி இறங்கும், அவ்வளவுதான். பெரியவர் தேய்க்கவில்லை. தம் பழைய பெட்டிகளில் துழாவி, வேண்டிய அளவிற்கு மிக அருகிலிருந்த கல்லைத் தேர்ந்தெடுத்தார். அதனோடு சிறிய திருகு மின்தேக்கி ஒன்றை இணைத்து, திருப்புளியால் மயிரிழை மயிரிழையாகத் திருகி அதன் அதிர்வெண்ணை இழுத்தார்.

"எவ்வளவு தூரம் ஐயா இழுக்கலாம்?" என்று கேட்டேன்.

"கொஞ்சந்தான் ஃபாதர். அதுக்கு மேல இழுத்தா நிலையில்லாம அலையும். இன்னும் இழுத்தா துடிக்கிறதையே நிறுத்திடும். அதனால பக்கத்துல இருக்கிற கல்லாப் பார்த்து எடுக்கணும். தூரத்துக் கல்லை வம்புக்கு இழுக்கக் கூடாது."

அன்று அவர் கிரிஸ்டலைப் பற்றித்தான் சொன்னார். ஆயினும், மகன் மருத்துவராகத்தான் வேண்டும் என்றும், மகள் கன்னியர் மடம் சேரத்தான் வேண்டும் என்றும் பிடிவாதம் செய்யும் பெற்றோர் என் அலுவலக அறையில் வந்து அமரும்போதெல்லாம் அச்சொல் என் நினைவுக்கு வருகிறது.

செங்கல்பட்டையொட்டிய மேட்டு நிலத்தில், ஒரு மாடிக் கட்டடத்தின் உச்சியில் பெட்டி ஏறிற்று. சித்திரை மாதம். நண்பர் ஒருவர் அரை வாட்டு ஆற்றல் மட்டுமே உள்ள கைக்கருவியோடு மாமல்லபுரத்து மணலில் நின்று, அரைமணிக்கு ஒருமுறை அழைப்பதென்று ஏற்பாடு. காலை 7 மணிக்குக் குரல் தெளிவாக வந்தது, அலையோசைகூடக் கேட்டது. 10 மணிக்குக் குரல் கரகரத்தது. பகல் 1 மணிக்கு ஒன்றுமே இல்லை. மாலையில் வெயில் தாழ்ந்ததும் அதே குரல் மீண்டும் வந்தது. நண்பகல் முழுவதும் அவர் தவறாமல் அழைத்திருக்கிறார்.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டி கெட்டுப்போகவில்லை. பச்சை விளக்கு எரிந்தது; மின்சாரம் ஓடிற்று; அருகிலிருந்து வலிமையான கருவியில் பேசினால் உடனே திருப்பிச் சொல்லிற்று. வெறும் இரைச்சல் நம்மைத் தொல்லைப்படுத்தாதபடி தடுக்கும் 'ஸ்குவெல்ச்' என்னும் வாயிற்கதவு ஒன்று இவ்வகை ரிசீவர்களில் உண்டு. குரல் தெளிவாக வந்தால்தான் அது திறக்கும். மெலிந்த குரல் அலைவரிசையின் ஓரத்திற்கு ஒதுங்கிப் போனபோது அக்கதவு திறக்கவில்லை. அந்த மோனத்தை, யாரும் அழைக்கவில்லை என்றுதான் எவரும் எண்ணியிருப்பர்.

அளவுக்கருவியை வைத்துப் பார்த்தார் பெரியவர். உச்சிவெயிலில் தகரப் பெட்டிக்குள் கைவைக்க முடியாத சூடு. அந்தச் சூட்டில் கிரிஸ்டல் 500 சுழற்சி விலகியிருந்தது. நொடிக்கு ஒன்றரைக் கோடிமுறை துடிப்பதில் 500 என்பது ஒரு பொருட்டா? ஒன்பதால் பெருக்கினால் 4,500. கடற்கரையிலிருந்து வரும் குரல் இந்த ரிசீவரை அடையும்போது கால் மைக்ரோவோல்ட்டு அளவே இருக்கும்; அதாவது ஒரு வோல்ட்டில் நாற்பது இலட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவு நலிந்த குரலுக்கு 4,500 சுழற்சி விலகல் என்பது கதவை அடைத்துவிட்டதற்குச் சமம். பலத்த குரலுக்கோ அந்த விலகல் ஒரு தடையே அன்று.

"கேக்காத பெட்டியைச் சுலபமாக் கண்டுபிடிச்சிடலாம் ஃபாதர். விலகிக் கேக்குற பெட்டியைத்தான் கண்டுபிடிக்க முடியாது. அதுக்கே அது தெரியாது" என்றார் அவர்.

இதற்கு அவர் செய்த மருத்துவம் எனக்கு வியப்பூட்டிற்று. குளிரூட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ கிரிஸ்டலைச் சுற்றிச் சிறிய வெப்ப அறை ஒன்றைக் கட்டினார். எப்போதும் 70 பாகை வெப்பத்தில் அதனை நிறுத்தும் கட்டுப்பாடு ஒன்றையும் வைத்து, அந்த வெப்பத்தில் அளவு சரியாக அமையுமாறு மீண்டும் திருகித் திருத்தினார். உச்சிவெயில் தரக்கூடிய சூட்டைவிட உயர்ந்த சூட்டில் கல் எந்நேரமும் இருந்துவிட்டால், வெளியே வெயிலடித்தாலும் மார்கழிப் பனி பெய்தாலும் அதற்கு ஒன்றே. சுற்றிலுமுள்ள மின்தேக்கிகள் சிலவற்றையும், சூட்டிற்கு மாறாத வகையாகப் பார்த்து மாற்றினார். மறுவாரம் நண்பகல் 1 மணிக்கு மணலில் நின்றவரின் குரல் கேட்டது. அதற்கு அப்பெட்டி கொடுத்த விலை, இரவும் பகலும் அணையாத அந்தச் சிறு வெப்பம். யாரும் அழைக்காத இரவிலும் அது எரியத்தான் வேண்டும். அழைப்பு வந்த பிறகு மூட்டினால், கல் நிலைபெற நேரமாகும். அதற்குள் அழைத்தவர் ஓய்ந்துபோவார்.

இக்கலை இன்று பெரும்பாலும் பழங்கதையாகிவிட்டது. ஒரே கிரிஸ்டலிலிருந்து வேண்டிய அதிர்வெண்களையெல்லாம் ஆக்கித்தரும் சில்லுகள் வந்துவிட்டன. வெப்பத்தைத் தாமே ஈடுசெய்துகொள்ளும் ஆசிலேட்டர்கள் அரிசிமணி அளவில் கிடைக்கின்றன. நமது விண்வெளி ஆய்வு நிறுவனமே ஹாம்களுக்காக 42.5 கிலோ எடையுள்ள 'ஹாம்சாட்' என்னும் செயற்கைக்கோளை 2005 மே 5-இல் சிறீகரிக்கோட்டாவிலிருந்து ஏவிற்று. வானத்தில் சுற்றிய ரிப்பீட்டர் போன்ற அது, 2014 வரை பணிசெய்து ஓய்ந்தது. ஆயினும் எந்தக் கருவியைத் திறந்தாலும் அடித்தளத்தில் ஒரு கல் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அது விலகினால் மற்றவை எல்லாம் அதனோடு சேர்ந்து விலகும்.

இது ஏதோ சிலரது பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் வீசியபோது, ஆழ்கடலில் இருந்த நம் மீனவர் பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. படகுகளிலுள்ள வி.எச்.எஃப். கருவிகள் ஹாம் கருவிகளினின்றும் வேறானவை. ஆனால் அவற்றின் அலைகளும் நேர்க்கோட்டில் செல்பவையே. கரையிலிருந்து சில பத்துக் கிலோமீட்டர் கடந்தால் கடலின் வளைவு அவற்றை மறைத்துவிடும். அலைமேல் அலையாக அழைத்து, பதில் காணாமல் போனவர்களின் இல்லங்களுக்கு ஆறுதல் சொல்லச் சென்ற குருக்கள் பலர் நம்மிடையே இருக்கிறார்கள். 2022 டிசம்பர் 9 நள்ளிரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தபோதும், மின்சாரம் நின்ற தெருக்களில் கையிலிருந்த செல்பேசி எவ்வளவு நேரம் உயிரோடிருக்கும் என்பதே எங்கள் பேச்சாக இருந்தது.

பெரியவர் இப்போது நம்மிடையே இல்லை. அவர் மாற்றியமைத்த ரிசீவரும் பின்னாளில் கழற்றப்பட்டு, புதியது அங்கே ஏறிற்று. பழைய பெட்டியின் மூடியை மட்டும் நான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அதன் உட்புறத்தில் அவர் பென்சிலால் எழுதிவைத்த வரிசை இருக்கிறது: நாள், நேரம், வெப்பம், அதிர்வெண், அழைத்த இடம், அழைத்த கருவியின் ஆற்றல். எல்லாம் நண்பகல் வேளைகள். எல்லாம் அரை வாட்டு. எல்லாம் குன்றுக்குப் பின்னாலோ மணல்மேட்டின் சரிவிலோ உள்ள மோசமான இடங்கள். மிகக் கடுமையான வேளையில், மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து, மிக நலிந்த கருவியை வைத்துத்தான் ரிசீவரைச் சோதிக்க வேண்டும் என்பது அவருடைய விதி. நல்ல வேளையில், அருகிலிருந்து, பெரிய கருவியில் பேசிப் பார்த்துவிட்டு "நன்றாகக் கேட்கிறது" என்று எழுதி வைப்பதை அவர் சோதனையாகவே ஒப்பவில்லை.

பங்குப் பேரவைக் கூட்டங்களில் எழுந்து பேசுபவர்களின் குரல் எப்போதும் நமக்குக் கேட்கிறது; அவர்களுக்காகச் செவியைத் திருத்த வேண்டியதில்லை. கடைசித் தெருவில் வாழும் கைம்பெண், மூன்று ஞாயிறாகக் கோவிலுக்கு வராத இளைஞன், மாமியார் வீட்டில் நடப்பதை வாய்விட்டுச் சொல்ல அஞ்சும் மருமகள் ஆகியோரின் குரல் கால் மைக்ரோவோல்ட்டு அளவுதான் வரும். அதுவும் நமக்கு வசதியான வேளையில் வராது. அவர்கள் பக்கமிருந்து ஓசையே இல்லையென்றால் எல்லாரும் நலமாக இருக்கிறார்கள் என்று பதிவேட்டில் எழுதிவிடலாம். பச்சை விளக்கும் எரிந்துகொண்டுதான் இருக்கும். அப்படி எழுதத் தோன்றும் நாள்களில் நான் மேசை அறையிலிருந்து அந்த மூடியை எடுத்துப் பார்க்கிறேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, வெயில் தாழக் காத்திராமல், கடைசித் தெருவுக்குப் போய்வருகிறேன்.